பிறப்பால் வராத தலைமை: மேயோவில் ஓ'மாலி வகையறாவின் ஒன்றுகூடல்

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கிறது மேயோ மாவட்டம். கோடைக்காலத்தில், பெரும்பாலும் ஜூன் மாதக் கடைசி வாரத்தில், ஓ'மாலி என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் அங்கே ஒன்றுகூடுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள், டப்ளினிலும் லிமரிக்கிலும் குடியேறியவர்கள், அமெரிக்கா, இங்கிலாந்து என்று கடல் கடந்து போன கிளைகளின் பேரப்பிள்ளைகள் எனப் பல திசைகளிலிருந்தும் வருவார்கள். முன்னோர் ஆண்ட கோட்டைகளைப் போய்ப் பார்ப்பார்கள், அவர்கள் புதைந்த இடத்தில் பிரார்த்தனை செய்வார்கள், சேர்ந்து உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். வகையறாவுக்கு ஒரு தலைவரையும் தேர்ந்தெடுப்பார்கள். 1953இல் தொடங்கிய ஏற்பாடு இது.

அயர்லாந்தில் இப்படிக் கூடும் வகையறாக்கள் நிறைய உண்டு. ஓ'நீல், ஓ'டானல், மெக்கார்த்தி, ஓ'சலிவன், ஓ'மஹோனி என்று பட்டியல் நீளும். அவர்களில் ஓ'மாலிகளை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம், அவர்கள் தலைமைப் பதவியைக் கையாளும் விதம். நேரடி வாரிசு யார், மூத்த கிளை எது என்ற வழக்குக்குள் போகாமல், அந்தப் பெயரையோ அந்த வழியையோ சொந்தமாக நினைக்கிறவர்கள் கூடி, ஒருவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தலைவராக வைக்கிறார்கள். முன்னோரை மதிக்க இதைவிட நேர்மையான வழி இல்லை என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கடலை நம்பிய குடும்பம்

மேயோவில் கிளூ விரிகுடா என்று ஒன்று. அதன் வாயில் கிளேர் தீவு, வடக்கே அக்கில் தீவு, தென்கரையில் புனித பேட்ரிக்கின் பெயரால் மக்கள் ஏறும் குரோ பேட்ரிக் மலை. இந்த விரிகுடாவைச் சுற்றிய நிலம்தான் பழைய ஓ'மாலி நாடு. அயர்லாந்தின் பெரிய குடும்பங்கள் பெரும்பாலும் மாட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் வைத்துப் பிழைத்தபோது, இவர்கள் கடலை வைத்துப் பிழைத்தார்கள். மீன்பிடிக்க வரும் வெளியூர்ப் படகுகளிடம் வரி வாங்கினார்கள், கப்பல்களுக்கு வழிகாட்டிக் கூலி பெற்றார்கள், வாணிபம் செய்தார்கள், வாய்ப்புக் கிடைத்தால் கொள்ளையும் அடித்தார்கள். 1123ஆம் ஆண்டுக் குறிப்பாக ஐரிஷ் ஆண்டேடுகள், ஓ'மாலி தலைவர் தைக் என்பவர் ஆரன் தீவுப் பக்கம் கப்பலோடு மூழ்கி இறந்ததைச் சொல்கின்றன. கிளேர் தீவு மடாலயத்தில் உள்ள குடும்பச் சின்னத்தில் 'நிலத்திலும் கடலிலும் வல்லவர்' என்று லத்தீனில் பொறித்திருக்கிறது.

அந்தக் காலத்து ஐரிஷ் சட்டத்தில் மூத்த மகனுக்கே பட்டம் என்ற முறை கிடையாது. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழியில் வந்த ஆண்கள், அதாவது நான்கு தலைமுறைப் பங்காளிகள், தங்களுக்குள் தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவரையும் குறித்து வைப்பார்கள். அவருக்குத் தானிஸ்ட் என்று பெயர். காகிதத்தில் அழகாகத் தெரிகிற இந்த முறை நடைமுறையில் அண்ணன் தம்பி வெட்டு குத்துக்கும் இடம் கொடுத்தது. ஆனால் பிறந்த வரிசை மட்டும் ஒருவரைத் தலைவர் ஆக்கிவிடாது என்ற எண்ணம் அதில் ஊறியிருந்தது.

1585இல் ஆங்கில அரசு, மேயோ அடங்கிய கொனாக்ட் மாகாணத்துத் தலைவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. நிலத்துக்கு ஆங்கிலச் சட்டப்படி உரிமை தருகிறோம், பதிலுக்கு வரி கட்டுங்கள், பரம்பரைப் பட்டங்களைக் கைவிடுங்கள் என்பது சாரம். 1601இல் கின்சேல் போரில் ஐரிஷ் தரப்பு தோற்றது. 1607இல் வடக்கின் பெருந்தலைவர்கள் நாட்டை விட்டே கப்பல் ஏறினார்கள். அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் பழைய குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் கை மாறிவிட்டது. ஓ'மாலி என்ற பெயர் மேயோவில் அழியவில்லை, ஆனால் அதைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் சின்னக் குத்தகைதாரர்களாகவும் மீனவர்களாகவும் ஆனார்கள்.

ஆண்டேட்டில் இல்லாத பெண்

ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் பெயர் ஒன்று உண்டு: கிரான்யா ஓ'மாலி. ஆங்கிலேயர் ஏடுகளில் கிரேஸ் ஓ'மாலி. 1530 வாக்கில் பிறந்து 1603 வாக்கில் இறந்தவர். தந்தை ஓவன் ஓ'மாலி தலைவராக இருந்தவர். முதல் கணவர் ஓ'ஃப்ளாஹர்ட்டி குடும்பம், இரண்டாவது கணவர் 'இரும்பு ரிச்சர்ட்' என்று அழைக்கப்பட்ட பர்க் குடும்பத்தவர். கப்பல்களையும் ஆட்களையும் தன் கையில் வைத்திருந்த இந்தப் பெண்ணைப் பற்றி, அன்றைய கொனாக்ட் ஆளுநர் சர் ரிச்சர்ட் பிங்கம், நாற்பது ஆண்டுகளாக மாகாணத்தின் எல்லாக் கலகங்களுக்கும் பாலூட்டியவர் என்று லண்டனுக்கு எழுதினார்.

1630களில் நான்கு ஆசான்கள் பெயரால் தொகுக்கப்பட்ட ஐரிஷ் ஆண்டேடு இவரைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. கணவன்மார் வருகிறார்கள், மகன் வருகிறார், பங்காளிகள் வருகிறார்கள், இவர் மட்டும் இல்லை. சொந்த மக்களின் ஏடு விட்டுவிட்ட ஒருவரை, அவரைச் சிறையில் அடைத்த எதிரியின் கோப்புகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மேயோக் கடற்கரை மக்களின் கதைகளும் பாட்டுகளும் மீதியைக் காப்பாற்றின.

அந்தக் கோப்புகளில் ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 1593 ஜூலையில் ஆங்கில அரசு அவரிடம் பதினெட்டுக் கேள்விகள் கேட்டது. உன் தந்தை யார், கணவர்கள் யார், எந்த நிலம் வைத்திருந்தார்கள், விதவைக்கு உங்கள் நாட்டில் என்ன கிடைக்கும் என்ற ரீதியில் கேள்விகள் போகின்றன. விதவை பற்றிய கேள்விக்கு அவர் தந்த பதில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஐரிஷ் வழக்கத்தில் தலைவர் இறந்தால் மனைவிக்கு அவர் நிலத்தில் பங்கு கிடையாது. சீதனத்தை மட்டும் திருப்பிக் கேட்கலாம், கணவர்கள் பெரும்பாலும் கடனோடு இறப்பதால் அதற்கும் முன்கூட்டியே பிணை வாங்கி வைக்க வேண்டும். இரண்டு முறை விதவையான ஒருவர், அறுபதைத் தாண்டிய வயதில், தன் சமூகத்தின் சட்டம் தனக்கு என்ன செய்தது என்பதை அரசு எழுத்தரிடம் சொல்கிறார். அந்தக் காலத்து ஐரிஷ்ப் பெண் ஒருவரின் குரல் இவ்வளவு நேராக நமக்குக் கிடைப்பது அபூர்வம்.

அதே ஆண்டு அவர் லண்டன் போய் எலிசபெத் அரசியைக் கிரீனிச் அரண்மனையில் சந்தித்தார். பிங்கம் பிடித்து வைத்திருந்த மகன் திப்பட்டையும் சகோதரரையும் விடுவிக்க வேண்டும், தன் பிழைப்புக்கு வழி வேண்டும் என்பது கோரிக்கை. செப்டம்பரில் கிரான்யாவுக்குச் சாதகமாக அரசியிடமிருந்து பிங்கமுக்குக் கடிதம் போனது. இருவரும் லத்தீனில் பேசிக்கொண்டார்கள், கைக்குட்டையை நெருப்பில் எறிந்தார் என்றெல்லாம் சொல்லப்படுவது பிற்காலக் கதை. கோப்புகளில் இருக்கும் கிரான்யா அந்தக் கதைகளைவிடச் சுவாரஸ்யமானவர். மூத்த மகன் ஓவனைப் பிங்கமின் ஆட்கள் 1586இல் கொன்றார்கள். இன்னொரு மகன் மரோ, அண்ணனைக் கொன்ற அதே பிங்கமோடு சேர்ந்தபோது, தாயே கப்பலில் போய் அவர் ஊரைக் கொளுத்தி மாடுகளை ஓட்டி வந்தார். கடைசி மகன் திப்பட் கின்சேல் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று, 1627இல் மேயோ வைகவுண்ட் பட்டம் பெற்றார். வீரம், துரோகம், பிழைக்கத் தெரிந்த புத்தி மூன்றும் ஒரே வீட்டில் கலந்து கிடக்கின்றன.

இன்றைய ஓ'மாலி சங்கத்தில் பெண்களும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்கள். பழைய சட்டப்படி கிரான்யாவுக்கு அந்த இடம் சாத்தியமே இல்லை. முன்னோரை வணங்குவது என்றால் அவர்கள் செய்த எல்லாவற்றையும் அப்படியே தொடர்வது என்று பொருள் கொண்டிருந்தால், இந்தச் சங்கம் கிரான்யாவின் பேத்திகளை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

ஊரே காலியான காலத்தில்

1953 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்து சுதந்திர நாடாகி முப்பது ஆண்டு ஆகியிருந்தது, ஆனால் வேலை இல்லை. 1951க்கும் 1961க்கும் இடையில் மட்டும் நிகரக் கணக்கில் நான்கு லட்சம் பேர் வெளியேறினார்கள். 1961 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம், அந்த அரசின் வரலாற்றிலேயே மிகக் குறைவு. மேயோ போன்ற மேற்கு மாவட்டங்களில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டனுக்கோ பாஸ்டனுக்கோ பெட்டி கட்டுவதுதான் இளைஞர்களின் வழக்கம். அதே 1953இல் அரசு 'ஆன் டோஸ்டல்' என்ற திருவிழாவைத் தொடங்கியது. வெளிநாட்டில் இருக்கும் ஐரிஷ்காரர்களை ஒருமுறை ஊருக்கு வரவழைக்க வேண்டும் என்பது நோக்கம்.

ஆக, ஊரே காலியாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஓ'மாலிகள் கூட ஆரம்பித்தார்கள். அறுபட்டுப் போன ஒன்றை, அறுபட்டது தெரிந்தே மறுபடி கட்டியவர்கள் இவர்கள். 1585க்கும் 1953க்கும் நடுவில் மூன்றரை நூற்றாண்டு இடைவெளி. அந்த இடைவெளியை மறைத்து, நாங்கள் இடையறாமல் ஆண்டு வந்தோம் என்று சொல்ல யாரும் முயலவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அந்தக் காலத்து ஓ'மாலிகளில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. சர் ஓவன் ஓ'மாலி, பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் தூதர். இரண்டாம் உலகப் போரின்போது ரஷ்யாவின் கட்டின் வனத்தில் போலந்து ராணுவ அதிகாரிகளைக் கொன்றது சோவியத் தரப்பே என்று 1943இல் தன் அரசுக்குத் துணிந்து அறிக்கை எழுதியவர். ஓய்வுக் காலத்தில் அவர் மேயோவுக்கு வந்து, நியூபோர்ட் ஊருக்குப் பக்கத்தில், கிரான்யாவின் ராக்ஃப்ளீட் கோபுரத்துக்கு அருகிலேயே குடியேறினார். நான்கு மாடி உயரத்துக்குக் கடல் ஓரத்தில் நிற்கும் அந்தக் கல் கோபுரம் 1950களில் சீராக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. அதே ஊர்ப் பக்கம் வாழ்ந்த இன்னொருவர் எர்னி ஓ'மாலி, பிரிட்டிஷாருக்கு எதிரான விடுதலைப் போரில் தளபதியாக இருந்தவர். பேரரசின் தூதரும் அதை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவரும் ஒரே குடும்பப் பெயரில், ஒரே விரிகுடாவின் கரையில்.

வார இறுதி எப்படிப் போகிறது

வெஸ்ட்போர்ட், லூயிஸ்பர்க், நியூபோர்ட், அக்கில், கிளேர் தீவு என்று பழைய ஓ'மாலி நாட்டின் ஊர்களைச் சுற்றித்தான் கூட்டம் பெரும்பாலும் நடக்கும். ஐரிஷ் வகையறாக் கூட்டங்களுக்கு என்று ஒரு பொதுவான ஒழுங்கு உருவாகியிருக்கிறது. முதல் மாலை வரவேற்பு, மறுநாள் வரலாற்றுப் பேச்சுகளும் ஊர் சுற்றலும், இரவில் விருந்து, தலைவர் பதவியேற்பு, ஞாயிற்றுக்கிழமை திருப்பலி. இதில் பேச்சுகளும் விருந்தும் எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடியவை. கிளேர் தீவுப் பயணம் அப்படி இல்லை.

லூயிஸ்பர்க்கைத் தாண்டி ரூனா படகுத்துறை. அங்கிருந்து தீவு சுமார் ஐந்து கிலோமீட்டர், கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. துறைமுகத்தில் இறங்கியவுடனே கிரான்யாவின் கோபுரக் கோட்டை கண்ணில் படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதையே காவல் நிலையமாக்கி வைத்திருந்தார்கள். தீவின் தென்கரையோரம் நடந்தால் மடாலயம். சிஸ்டர்சியன் துறவிகளுக்காகக் கட்டிய சிறிய கோயில், வெளியிலிருந்து பார்த்தால் ஓர் எளிய கல் கட்டடம். உள்ளே பலிபீடப் பகுதியின் கூரையில் இடைக்கால வண்ண ஓவியங்களின் மிச்சம்: டிராகன்கள், சேவல், மான்கள், குதிரை வீரர்கள், யாழ் வாசிப்பவர். அயர்லாந்தின் ஈரமான காற்றில் இடைக்காலச் சுவரோவியம் இவ்வளவு பிழைத்திருப்பது அரிது. 1990களில் தொல்லியல் பாதுகாப்பாளர்கள் அதைப் பொறுமையாகச் சுத்தம் செய்து மீட்டார்கள்.

பலிபீடத்துக்கு வடக்குச் சுவரில் கல் வேலைப்பாடு செய்த ஒரு கல்லறை மாடம். கிரான்யா இங்கேதான் அடக்கமானார் என்பது தீவு மரபு. பக்கத்துச் சுவரில் அந்தக் குடும்பச் சின்னப் பலகை: காட்டுப்பன்றி, வில் அம்பு, துடுப்புப் படகு. ஓ'மாலிகள் இங்கே கூடிப் பிரார்த்திக்கும்போது பார்வை இயல்பாக இந்த மாடத்தின் பக்கம் போகும். சுற்றியுள்ள இடுகாட்டில் கிடக்கும் எழுத்தில்லாக் கற்களையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். மேற்கு அயர்லாந்தின் ஏழைகள் இறந்தவர் தலைமாட்டில் வயல் கல் ஒன்றை நட்டுவிட்டுப் போவார்கள். 1841இல் இந்தத் தீவில் 1,600 பேர் இருந்தார்கள். பஞ்சம் முடிந்து 1851இல் எண்ணியபோது பாதிதான் மிச்சம். இன்று சுமார் 150 பேர் வசிக்கிறார்கள்.

பட்டத்துக்குப் பின்னால் ஓடியவர்கள்

ரத்த வழியை நிரூபித்துத்தான் தலைவர் ஆக வேண்டும் என்று போனால் என்ன நடக்கும் என்பதற்கும் அயர்லாந்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1944 முதல், டப்ளினில் உள்ள தலைமைக் கொடிவழி அதிகாரி அலுவலகம், பழைய தலைவர் ஒருவரின் நேர் மூத்த ஆண் வாரிசு என்று ஆவணம் காட்டுபவரை 'பெயரின் தலைவர்' என்று மரியாதைக்காக அங்கீகரித்து வந்தது. ஆங்கிலப் பிரபுக்கள் பாணியில் மூத்த மகன் வழியே பார்த்தார்கள். தேர்ந்தெடுக்கும் பழைய ஐரிஷ் முறைக்கு இது நேர் எதிர்.

1992இல் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ஒருவரை மெக்கார்த்தி மோர், அதாவது மெக்கார்த்திகளின் பெருந்தலைவர் என்று அந்த அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அவர் பலருக்குப் பட்டங்கள் கொடுத்தார், அதில் பணமும் புழங்கியது. 1999இல் அவர் காட்டிய கொடிவழி போலி என்று பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. அலுவலகம் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. 2003இல் அரசு இந்த அங்கீகார முறையையே நிறுத்திவிட்டது. நம்பி அவர் பின்னால் நின்ற மெக்கார்த்திகளுக்கு அது பெரிய வலி. நல்ல மனதோடு முன்னோரைத் தேடி வந்தவர்களை, பட்டத்தின் மேல் இருந்த மோகம் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓ'மாலிகளிடம் இந்த விபத்து நடக்க இடமே இல்லை. அவர்கள் தலைவருக்கு நிலம் கிடையாது, விற்கப் பட்டம் கிடையாது, காலம் முடிந்தால் இறங்க வேண்டும். இப்போது பல வகையறாக்கள் இதே வழிக்கு வந்திருக்கின்றன. 1989இல் உருவான 'கிளான்ஸ் ஆஃப் அயர்லாந்து' என்ற அமைப்பில் பதிவு செய்துகொண்டு, தங்கள் சங்கத்தைத் திறந்த முறையில் நடத்துகின்றன.

ஆண் வழி மட்டும் என்ற கட்டு மேயோவிலேயே வேறொரு வீட்டிலும் அறுந்தது. வெஸ்ட்போர்ட் மாளிகை, பழைய ஓ'மாலி கோட்டை இருந்த இடத்தில் பிரவுன் குடும்பம் கட்டியது. அந்தக் குடும்பத்துக்கு மணமாகி வந்த மாட் பர்க் கிரான்யாவின் வழித்தோன்றல். பிற்காலத்தில் அவர்கள் ஸ்லைகோ மார்க்விஸ் என்ற பிரபுப் பட்டம் பெற்றார்கள். பதினோராவது மார்க்விஸுக்கு ஐந்தும் பெண்கள். சொத்து ஆண் வாரிசுக்கே என்று பழைய பத்திரம் கட்டி வைத்திருந்ததால், 1993இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி மகள்களுக்குச் சேரும்படி செய்தார். பட்டம் மட்டும் தூரத்துப் பங்காளிக்குப் போனது. 2017இல் மாளிகையை உள்ளூர்க் குடும்பம் ஒன்று வாங்கிவிட்டது.

டெல்ஃபி சாலை

இங்கேதான் முன்னோர் என்ற சொல் கொஞ்சம் கனமாகிறது.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவு பேர் கப்பல் ஏறினார்கள். மேயோவின் மக்கள்தொகை 1841இல் 3,88,000க்கு மேல், 1851இல் 2,74,000. இறக்கம் அதோடு நிற்கவில்லை, 2022 கணக்கில் சுமார் 1,38,000 பேர்தான்.

1849 மார்ச் கடைசியில் லூயிஸ்பர்க் மக்கள், நிவாரணம் தொடர வேண்டுமென்றால் அதிகாரிகள் முன் நேரில் வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினார்கள். அதிகாரிகளோ டெல்ஃபி என்ற இடத்தில் இருந்த வேட்டை மாளிகைக்குப் போய்விட்டார்கள். பட்டினியில் கிடந்த நூற்றுக்கணக்கானவர்கள் இரவோடு இரவாக, மலைக்கும் டூலாக் ஏரிக்கும் நடுவிலான பாதையில் சுமார் 19 கிலோமீட்டர் நடந்தார்கள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் குளிரில் விழுந்து இறந்தார்கள். அன்றைய பத்திரிகைக் கடிதம் ஏழு பேரைச் சொல்கிறது. ஊர் நினைவு அதைவிட மிகப் பெரிய எண்ணைச் சொல்கிறது.

அந்த வேட்டை மாளிகையைக் கட்டியது ஸ்லைகோ பிரபு குடும்பம். கிரான்யாவின் ரத்தம் அந்தக் குடும்பத்தில் ஓடியது. பட்டினியோடு அந்தச் சாலையில் நடந்தவர்கள் ஓ'மாலி நாட்டின் நடுவிலிருந்து வந்தவர்கள், அவர்களில் அந்தப் பெயர்க்காரர்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது. அப்போதைய மார்க்விஸ் கல்நெஞ்சர் என்றும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1847இல் கடன் வாங்கிக் கப்பலில் மாவு வரவழைக்க முன்னின்றார், வாடகை வராமல் தன் மாளிகையைப் பூட்டினார். அப்புறம் குத்தகைதாரர்களை வெளியேற்றவும் செய்தார். ஒரே மூதாதையின் வழி மாளிகையிலும் இருந்திருக்கிறது, சாலையிலும் இருந்திருக்கிறது. ரத்த வழியை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்த இரண்டில் யாரை மதிப்பது என்று சொல்லவே முடியாது. யாரை நினைவில் வைப்பது என்று கூடியிருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

டூலாக் பாதையில் இப்போது ஒரு கல் சிலுவை நிற்கிறது. சக மனிதரை இழிவுபடுத்துவதில் மனிதர் எப்படிப் பெருமை காண முடியும் என்று காந்தி கேட்ட கேள்வி அந்த நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் பஞ்ச நடைப்பயணத்தில் 1991இல் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு நடந்தார். 1847இல் தங்கள் வறுமைக்கு நடுவிலும் ஐரிஷ் மக்களுக்காக 170 டாலர் திரட்டி அனுப்பிய அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினரின் வழித்தோன்றல்களும் வந்து நடந்திருக்கிறார்கள். மரிஸ்க்கில், குரோ பேட்ரிக் அடிவாரத்தில், எலும்புக்கூடுகள் பாய்மரத்தைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் வெண்கலக் கப்பல் ஒன்றை ஜான் பீஹன் செய்து வைத்தார். 1997இல் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் திறந்து வைத்த தேசியப் பஞ்ச நினைவுச் சின்னம் அது. சாலைக்கு எதிர்ப்புறம் நடந்தால் ஓ'மாலிகள் 1457இல் கட்டிக்கொடுத்த மரிஸ்க் மடாலயம். ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் இரண்டையும் ஒரே நடையில் பார்க்கலாம். கோட்டைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது டூலாக் சாலைக்குக் கொடுங்கள் என்பதே இந்தக் கூட்டங்களை நடத்துகிறவர்களிடம் நான் வைக்கும் ஒரே வேண்டுகோள்.

எரிந்துபோன ஏடுகள்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பலர் ஒரு பெயரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கல்லறைக் கல்லில் 'மேயோவில் பிறந்தவர்' என்று மட்டும் இருக்கும். அயர்லாந்தில் கிராமத்துக்கும் கீழே சுமார் 61,000 ஊர்ப்பிரிவுகள் உண்டு. எந்த ஊர்ப்பிரிவு என்று தெரியாமல் நகரவே முடியாது. ஓ'மாலி, மாலி, மீலியா, மேலியா என்று எழுதுகிறவர் காதில் விழுந்தபடி பெயரும் மாறியிருக்கும்.

இதற்கு மேல் ஏடுகளின் கதி. 1922இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்பு ஏடுகள் பெரும்பாலும் அதோடு போயின. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகளை அரசே ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. முழுதாக மிஞ்சியவை 1901, 1911 இரண்டும்தான். மேற்கு மேயோவின் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் ஞானஸ்நானப் பதிவேடே 1840களிலோ 1850களிலோதான் ஆரம்பிக்கிறது. பஞ்சத்தில் இறந்த குழந்தைக்குப் பெயர் எங்குமே இல்லை. 1850களில் எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் அதில் குத்தகைதாரர் பெயர் மட்டும் இருக்கும், மனைவி மக்கள் இருக்க மாட்டார்கள்.

ஒன்றுகூடலின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் என்று கருதுகிறேன். சிகாகோக்காரர் கொண்டுவரும் பழைய கடிதத்தில் இருக்கும் ஒரு ஊர்ப்பிரிவின் பெயரை, அதே மலைச்சரிவில் இன்னும் ஆடு மேய்க்கும் உள்ளூர்க்காரர் அடையாளம் கண்டுகொள்ள முடியும். ஏடு எரிந்த இடத்தில் ஆட்கள் சேர்ந்துதான் துண்டுகளைப் பொருத்த வேண்டியிருக்கிறது.

2013இல் அரசின் சுற்றுலாத் துறை 'தி கேதரிங்' என்ற பெயரில் நாடு முழுக்கச் சுமார் 5,000 கூட்டங்களை ஊக்குவித்தது. வெளிநாட்டில் இருக்கும் ஐரிஷ்காரர்களிடம் பணம் பறிக்கும் வேலை இது என்று நடிகர் கேப்ரியல் பர்ன் வெளிப்படையாகச் சாடினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வேலை இல்லாமல் இளைஞர்கள் மறுபடியும் வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் 1953இலிருந்து தன் செலவில் கூடிவரும் ஒரு சங்கத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இப்போது அவர்கள் முன் புது வேலை இருக்கிறது. சுதந்திர அயர்லாந்தின் முதல் கணக்கெடுப்பு 1926இல் நடந்தது. நூறு ஆண்டு ரகசிய விதியின்படி அதன் ஏடுகள் பொதுமக்கள் பார்வைக்கு வரும் ஆண்டு 2026. அமெரிக்கக் கிளைகளின் கொடிவழி பெரும்பாலும் கப்பல் ஏறியவரோடுதான் தொடங்குகிறது. 1926 ஏடுகளோ போகாமல் தங்கியவர்களின் பட்டியல்: யார் எந்த வீட்டில், என்ன வயதில், என்ன தொழிலில், வீட்டில் ஐரிஷ் மொழி பேசினார்களா என்பது வரை. கிளேர் தீவு, லூயிஸ்பர்க், அக்கில் என்று ஊர்ப்பிரிவு வாரியாக அதைப் படித்து, 1911 ஏட்டோடு ஒப்பிட்டு, நடுவில் காணாமல் போன பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று அந்தந்த நாட்டுக் கிளைகளிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்படும் அடுத்த தலைவர் யாராக இருந்தாலும் அவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.